முதல் கப்பல் அங்கே, மற்றவை இங்கே

2025 அக்டோபர் 11, சனி

பேரனுக்குத் தேசிய சேவை அழைப்பு வந்துவிட்டது. சிங்கப்பூர்க் கடற்படையில் சேரப் போகிறான். வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. அவன் பாட்டிக்கு மட்டும், கடலில் பிள்ளை சரியாகச் சாப்பிடுவானா என்ற கவலை. இரவு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டான்: "தாத்தா, இவ்வளவு சின்ன நாட்டுக்கு இத்தனை போர்க்கப்பல் எப்படி வந்துச்சு? எல்லாத்தையும் காசு குடுத்து வாங்கிட்டோமா?"

காசு கொடுத்துத்தான் வந்தது. ஆனால் காசு மட்டும் கொடுத்து வந்ததில்லை. என் வேலைக்காலம் முழுவதையும் கப்பல் பட்டறையில் கேபிள் இழுத்தே கழித்தவன் நான். அவன் கேட்டதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல எனக்கு மனமில்லை. அவன் முகாமுக்குப் போவதற்குள் தெரிந்ததை இந்த நோட்டில் எழுதிக் கையில் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் தகப்பனார் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர். செம்பவாங்கில் வெள்ளைக்காரனுடைய கடற்படைத் தளத்தில் வேலை. 1938இல் திறந்த தளம் அது. அங்கிருந்த கிங் ஜார்ஜ் டிரை டாக் 305 மீட்டர் நீளம். அந்தக் காலத்தில் உலகத்திலேயே பெரியவற்றில் ஒன்று. தமிழரும் மலையாளிகளும் சீனரும் மலாய்க்காரரும் அங்கே துரு சுரண்டினார்கள், சாயம் அடித்தார்கள், பாய்லர் துடைத்தார்கள். இன்று யீஷூனில் இருக்கும் புனிதமரம் பாலசுப்பிரமணியர் கோயிலின் வேர் அந்தத் தளத்துத் தொழிலாளர்களிடம்தான் இருக்கிறது. பங்குனி உத்திரத்துக்கு அங்கே போகும்போதெல்லாம் அப்பாவின் கூட்டாளிகள் நினைவு வரும்.

1968 ஜனவரியில் பிரிட்டன் தன் படைகளை விலக்கிக்கொள்ளப் போவதாக அறிவித்தது. 1971 முடிவுக்குள் எல்லாம் காலி. நாட்டு வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களை நம்பி இருந்தது. எங்கள் குடியிருப்பில் அன்று பல வீடுகளில் அடுப்பு எரிந்தும் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. டாக்யார்டை அரசாங்கம் ஏற்று வணிகக் கப்பல் பட்டறையாக மாற்றியது. அப்பாவுக்கு வேலை மிஞ்சியது. ஆனால் காவல் போய்விட்டது. சிங்கப்பூர் தனிநாடானபோது நமக்கென்று இருந்தவை விரல்விட்டு எண்ணும் கலங்கள். அவற்றில் பாங்லிமா, பெடோக் இரண்டும் மரக்கலங்கள்.

அங்கிருந்து தொடங்க வேண்டும், தம்பி.

அக்டோபர் 12, ஞாயிறு

காலையில் தேக்காவில் தீபாவளிக் கூட்டம். முறுக்கு மாவும் நல்லெண்ணெயும் வாங்கித் திரும்பவே மதியமாகிவிட்டது. படுக்குமுன் இதை எழுதுகிறேன்.

1968இல் வோஸ்பர் தார்னிகிராஃப்ட் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்திடம் ஆறு ரோந்துக் கப்பல்களுக்குச் சொல்லியது நம் அரசாங்கம். இரண்டு இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்தில் கட்டப்பட்டன. மற்ற நான்கும் இங்கே, தஞ்சோங் ரூவில். அடுத்து ஏவுகணைப் படகுகள். ஜெர்மனியின் லூர்சன் நிறுவனத்து வரைபடம், 45 மீட்டர் நீளம், மீண்டும் ஆறு. இரண்டு ஜெர்மனியில், நான்கு இங்கே. சீ வுல்ஃப், சீ லயன், சீ டிராகன், சீ டைகர், சீ ஹாக், சீ ஸ்கார்ப்பியன் என்று பெயர்கள். 1975 வாக்கில் படையில் சேர்ந்தன. இஸ்ரேலின் கேப்ரியல் ஏவுகணை அவற்றில் இருந்தது.

அந்த நான்கும் கட்டப்பட்ட காலத்தில் நான் வேலை பழகும் பையன். வரைபடத்தில் எழுத்தெல்லாம் ஜெர்மன். அளவுகள் மட்டும்தான் புரியும். எங்கள் ஃபோர்மன் ஒரு சீனர். அளவை மலாயில் சொல்வார், நான் தமிழில் மனப்பாடம் செய்வேன். ஜெர்மன் எஞ்சினியர் ஒருவர் வேலை முடிந்த இடத்தை விரலால் தடவிப் பார்ப்பார். பிடிக்காவிட்டால் பேசாமல் கேபிளை அவிழ்த்துவிட்டுப் போவார். நாங்கள் மறுபடி கட்டுவோம். கடைசிப் படகுக்கு வந்தபோது அவர் அவிழ்ப்பது நின்றிருந்தது.

அன்று தொடங்கிய ஒழுங்கு பிறகும் பலமுறை தொடர்ந்தது. முதல் கப்பலை அங்கே கட்டு, உன் ஆட்களைப் பக்கத்தில் நிற்க வை. மற்றவற்றை உன் மண்ணில் கட்டு. விலை கூடுதலாக ஆகும், நாளும் கூடுதலாக ஆகும். அந்தக் கூடுதலைப் படிப்புக் கட்டணம் என்று எண்ணிக் கட்டிய தலைமுறை அது.

1975 மே மாதமே சோதனை வந்தது. சைகோன் விழுந்ததும் வியட்நாம் அகதிகள் கப்பல் கப்பலாகச் சிங்கப்பூர்க் கடலுக்குள் வந்தார்கள். அந்தக் கப்பல்களைச் சந்திப்பது, உணவும் மருந்தும் ஏற்றுவது, பழுது பார்ப்பது, ஒழுங்கு காப்பது எல்லாம் நம் இளம் கடற்படையின் தலையில் விழுந்தன. அதற்கு இடிப்புயல் நடவடிக்கை என்று பொருள்படும் பெயர் வைத்திருந்தார்கள். ஏவுகணை ஏந்திய படை முதலில் சுமந்தது தண்ணீரும் அரிசியும்தான்.

அக்டோபர் 14, செவ்வாய்

பேரன் முந்தின பக்கங்களைப் படித்துவிட்டு, "பழைய கப்பலை வாங்கினோமா?" என்று கேட்டான். வாங்கினோம். வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை.

1971இல் அமெரிக்காவிடமிருந்து ஒரு தரையிறங்கு கப்பல் வந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தது. அங்கே அதன் பெயர் ஹோம்ஸ் கவுண்டி. இங்கே எண்டியூரன்ஸ் ஆயிற்று. பின்னால் அதே வகையில் இன்னும் ஐந்து வந்தன. முகப்பு கதவைப் போலத் திறக்கும். லாரிகளும் கவச வண்டிகளும் நேரே கரையில் இறங்கும். நம் படையினர் வெளிநாட்டில் பயிற்சிக்குப் போகவும், பயிற்சி மாணவர்கள் ஆழ்கடலைப் பார்க்கவும் அவைதான் பல ஆண்டுகள் உதவின.

பழைய கப்பலைப் பராமரிப்பதுபோல் கடுமையான பள்ளிக்கூடம் வேறில்லை. உதிரிப் பாகம் கிடைக்காது. கடைசல் பட்டறையில் நாமே கடைந்து போட வேண்டும். பழைய கேபிளின் மேலுறை தொட்டால் பொடியும். தகட்டின் கனத்தை இடம் இடமாக அளந்து, மெலிந்த பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்ற வைப்பார்கள். முப்பது வயதான கப்பல் எங்கெங்கே தளரும், தண்ணீர் எந்த மூலையில் தேங்கும், எந்தக் குழாய் முதலில் அரிக்கும் என்று அவை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தன.

அந்தப் படிப்பின் விளைவு 1990களின் முடிவில் தெரிந்தது. அவற்றுக்கு மாற்றாக வந்த நான்கு கப்பல்களும் இங்கே பெனோய் பட்டறையில் நாமே கட்டியவை: எண்டியூரன்ஸ், ரெசொல்யூஷன், பெர்சிஸ்டன்ஸ், எண்டெவர். 141 மீட்டர் நீளம். இந்த முறை முதல் கப்பலும் இங்கேதான்.

2004 டிசம்பரில் சுனாமி வந்தது. ஆச்சேயின் மெலாபோ நகரத்துக்குச் சாலை துண்டிக்கப்பட்டிருந்தது, துறைமுகம் அழிந்திருந்தது. இந்தக் கப்பல்கள் மூன்று அங்கே போயின. வயிற்றிலிருந்து படகுகளை இறக்கி, மண் அள்ளும் இயந்திரங்களையும் மருத்துவர்களையும் கரை சேர்த்தன. தொலைக்காட்சியில் அதைப் பார்த்து எங்கள் பட்டறையில் வேலையை நிறுத்திவிட்டு நின்றோம். என் கை பட்ட கப்பல் ஒரு குழந்தைக்குத் தண்ணீர் கொண்டுபோனது. அதற்கு மேல் எனக்குப் பதக்கம் வேண்டியதில்லை.

அக்டோபர் 16, வியாழன்

இன்று புதுப்பித்தலைப் பற்றி எழுத வேண்டும். புதுக் கப்பல் நீரில் இறங்கினால் பத்திரிகையில் படம் வரும். இருக்கும் கப்பலைத் திறந்து புதுக் கருவி வைப்பதை யாரும் படமெடுப்பதில்லை. வேலையில் அதுதான் கடினம்.

விக்டரி வகைக் கப்பல்களை எடுத்துக்கொள். 62 மீட்டர், ஆறு கப்பல், 1990இலும் அதையொட்டியும் படையில் சேர்ந்தவை. ஒன்று ஜெர்மனியில், ஐந்து இங்கே. வந்தபோது 76 மில்லிமீட்டர் பீரங்கியும் ஹார்ப்பூன் ஏவுகணையும் இருந்தன. பின்னால் எதிரி ஏவுகணையை வானத்திலேயே அடிக்கும் பாராக் ஏவுகணையை அவற்றில் வைத்தார்கள். இன்னும் சில ஆண்டு கழித்து ஸ்கேன்ஈகிள் என்ற ஆளில்லா விமானம் சேர்ந்தது. இப்படி வயது ஏற ஏற வலிமையும் ஏறியது.

எழுத எளிது. சிறிய கப்பலின் மேல்தளத்தில் ஒரு டன் ஏற்றினால் என்ன ஆகும்? எடை மேலே போகப் போகக் கப்பல் சாய்ந்தால் நிமிரத் தயங்கும். மேலே ஏற்றியதற்கு ஈடாக எங்கேயாவது குறைக்க வேண்டும், அல்லது அடியில் பாரம் வைக்க வேண்டும். வேலை முடிந்ததும் கப்பலைக் கட்டி நிறுத்தி, தளத்தில் எடைகளை இப்படியும் அப்படியும் நகர்த்தி, எவ்வளவு சாய்கிறது என்று அளந்துதான் கடலுக்கு அனுப்புவார்கள்.

அடுத்தது மின்சாரம். புது ரேடாருக்கும் கணினிக்கும் கூடுதல் மின்சாரம் வேண்டும். அவை கக்கும் சூட்டைத் தணிக்கக் கூடுதல் குளிர்ச்சி வேண்டும். அந்தக் குளிர்ச்சிக்கும் மின்சாரம் வேண்டும். ஜெனரேட்டர் பழையது, அறை பெரிதாகாது. பிறகு கேபிள். நீர்ப்புகாத் தடுப்புச் சுவர் ஒவ்வொன்றையும் துளைத்துத்தான் கேபிள் போக வேண்டும். துளைத்த இடம் மறுபடி தண்ணீருக்கும் தீக்கும் மூடியாக வேண்டும். ஒரு துளையைச் சரியாக அடைக்காவிட்டால் கப்பலுக்குள் அறை பிரித்ததற்கே அர்த்தமில்லை. ஆயுதக் கேபிளும் தகவல் கேபிளும் அருகருகே ஓடினால் ஒன்றின் இரைச்சல் மற்றதில் ஏறும். இரண்டுக்கும் இடைவெளி விட வேண்டும், ஆனால் விட இடம் இருக்காது. மல்லாந்து படுத்து, கை மட்டும் நுழையும் சந்தில் ஒரு கிளாண்டை இறுக்க அரை நாள் போகும். கடைசியில் மெக்கர் என்ற அளவுகருவியை வைத்துக் கேபிளின் காப்புத்திறனைப் பார்ப்போம். நம் ஊர் ஈரக்காற்றில் காலையில் தேறிய கேபிள் மழைக்குப் பிறகு தோற்கும். மறுபடி உலர்த்து, மறுபடி பார்.

இந்த வேலையைக் கட்டியவனிடமே திருப்பி அனுப்பிச் செய்து வாங்கலாம். பல நாடுகள் அப்படித்தான் செய்கின்றன. ஆனால் கப்பல் வெளியூர் போனால் மாதக்கணக்கில் கடலில் காவல் குறையும். அதைவிடப் பெரிய நட்டம், நம் கப்பலின் உள்ளங்கம் நம்மைவிட இன்னொருவனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

பிறகு வந்தவை ஃபார்மிடபிள் வகைப் போர்க்கப்பல்கள். 114 மீட்டர், 3,200 டன். பிரான்சின் லோரியாங்கில் ஒன்று, பெனோயில் ஐந்து. பக்கச் சுவர்கள் சாய்வாக இருப்பதால் ரேடார் அலை வந்த வழியே திரும்பாமல் வேறு பக்கம் சிதறும். பெரிய கப்பல் எதிரியின் திரையில் சிறிதாகத் தெரியும். 2007 மே 5ஆம் நாள் முதலாவது படையில் சேர்ந்தது. அந்த ஐந்தில் ஓடும் கேபிள்களில் பல கிலோமீட்டர் என் ஆட்கள் இழுத்தது. அந்தக் கப்பல்களுக்கும் இப்போது நடுவயதுப் புதுப்பிப்பு வந்துவிட்டது. சாய்வுச் சுவர் அப்படியே இருக்கும். உள்ளே மூளையும் நரம்பும் மாறும்.

அக்டோபர் 18, சனி

நண்பர் வந்திருந்தார். நீர்மூழ்கிப் பிரிவில் எஞ்சின் பார்த்தவர். பேரன் அவரை விடவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

1995இல் ஸ்வீடனிடமிருந்து பழைய நீர்மூழ்கி ஒன்றை வாங்கினோம். 1997இல் இன்னும் மூன்று. 1960களில் கட்டியவை. அவை ஓடிய பால்டிக் கடல் குளிர்ந்தது, உப்புக் குறைந்தது. நம் கடலோ வெந்நீர், உப்பும் கூடுதல். அதனால் குளிரூட்டி வைத்தார்கள், அரிக்காத குழாய்களைப் பொருத்தினார்கள், சிப்பியும் பாசியும் ஒட்டாமல் தடுக்க ஏற்பாடு செய்தார்கள். நம் வீரர்கள் ஸ்வீடனுக்குப் போய்ப் பனியில் நின்று தொழில் கற்றார்கள். முதலாவது 2000ஆம் ஆண்டில் இங்கே வந்து சேர்ந்தது.

"அண்ணே, அதுல போனப்ப பயமா இல்லையா?" என்று என் மருமகள் கேட்டாள்.

"பயம் இல்லம்மா. மரியாதை இருந்துச்சு. என் வயசு கப்பல் அது. எந்த வால்வைத் தொட்டாலும் ரெண்டு தடவை யோசிச்சுத் தொடுவேன். அந்தப் பழக்கம் புதுசுக்கு வந்தப்பவும் போகல."

அடுத்து ஸ்வீடனின் இன்னும் இரண்டு. அவற்றை நடுவே வெட்டி ஒரு பகுதியைச் சேர்த்து நீளமாக்கி, வெளிக்காற்று இல்லாமலே ஓடும் ஸ்டர்லிங் எஞ்சினை வைத்தார்கள். மேலே வந்து மூச்சு வாங்க வேண்டிய தேவை வெகுவாகக் குறைந்தது. ஆர்ச்சர் 2011இல் படையில் சேர்ந்தது. இந்த இரண்டு படியும் ஏறிய பிறகுதான் புத்தம்புதிதாக வேண்டும் என்று கேட்டோம். 2013இல் ஜெர்மனியிடம் இரண்டு, 2017இல் மேலும் இரண்டு. 70 மீட்டர் நீளம், 28 பேர். கீல் நகரத்தில் கட்டியவை. நம் கடலுக்கும் நம் ஆட்களின் உயரத்துக்கும் ஏற்ப என்ன வேண்டும் என்று பட்டியல் எழுதிக் கொடுத்தவர்கள் பழைய கப்பலில் படுத்து எழுந்தவர்கள். அவற்றில் இன்வின்சிபிளும் இம்பெக்கபிளும் போன ஆண்டு செப்டம்பரில் படையில் சேர்ந்தன. இன்னும் இரண்டு கூடுதலாக வாங்கப் போவதாக இந்த மார்ச் மாதம் நாடாளுமன்றத்தில் அறிவித்தார்கள்.

என்ன கேட்பது என்று தெரிந்து கேட்கவே இருபது ஆண்டு ஆகிறது. பழைய கப்பல் வாங்கித் தருவது அந்த இருபது ஆண்டை.

நண்பர் புறப்படும்போது ஒன்று சொன்னார். 2021 ஏப்ரலில் பாலிக்கு அருகே இந்தோனேசிய நீர்மூழ்கி நங்கலா மூழ்கியது. 53 பேர் போனார்கள். தேடப் போன கப்பல்களில் நம் மீட்புக் கப்பல் ஸ்விஃப்ட் ரெஸ்கியூவும் ஒன்று. 800 மீட்டருக்கும் கீழே கிடந்ததைக் கண்டு படமெடுத்தது அதிலிருந்து இறக்கிய கருவி. "நீருக்கடியில வேலை செய்யிறவனுக்கு எல்லாரும் ஒரே நாடுதான் அண்ணே" என்றார். கண் கலங்கியிருந்தது.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

எண்ணெய்க் குளியல், கோயில், பிறகு பெரிய பந்தி. சாப்பாட்டு நேரத்தில் என் மகள் கேட்டாள்: "அப்பா, இந்த வருசம் தற்காப்புக்கு 23.4 பில்லியன் வெள்ளி. அந்தக் காசு ஆஸ்பத்திரிக்கும் முதியோருக்கும் போனா என்ன?" அவள் தாதியாக வேலை பார்க்கிறவள். வார்டில் படுக்கை போதாத இரவுகளைப் பார்த்தவள். கேட்க அவளுக்கு உரிமை உண்டு.

நான் அவளிடம் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். நாம் உண்பதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. சிங்கப்பூர் நீரிணையில் பிலிப் கால்வாய்ப் பக்கம் போக்குவரத்துக்கு உள்ள அகலம் மூன்று கிலோமீட்டர்கூட இல்லை. எண்ணெய் டாங்கரும் சரக்குக் கப்பலும் மீன்பிடிப் படகும் அதற்குள்ளேதான் போக வேண்டும். எந்த நேரமும் ஆயிரம் கப்பலளவு நம் துறைமுகத்தில் நிற்கின்றன. அந்தப் பாதை ஒரு வாரம் அஞ்சி நின்றால் உன் வார்டுக்கு மருந்தும் வராது. காவல் இருப்பதால்தான் காவல் தேவையில்லை என்பதுபோல் தோன்றுகிறது.

அவள் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. "அப்படின்னா ஒவ்வொரு வெள்ளிக்கும் கணக்குக் கேக்கணும்" என்றாள். அது சரி. பெருமைக்காக வாங்கிய கப்பல், ஆள் இல்லாமலும் உதிரிப் பாகம் இல்லாமலும் கட்டுத்துறையில் துருப்பிடித்துக் கிடக்கும் நாடுகள் உண்டு. ஆறு வகைக் கப்பலை ஒன்றிரண்டாக வாங்குவதைவிட ஒரே வகையில் ஆறை வாங்கியது நம் நல்ல காரியம். ஒரே பயிற்சி, ஒரே உதிரிப் பாகம், ஒன்று பழுதானாலும் மற்றவை காவலில். நாளைக்கும் அதே ஒழுங்கு வேண்டும் என்று மகளைப் போன்றவர்கள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

அக்டோபர் 21, செவ்வாய்

இன்று புது விக்டரி நீரில் இறங்கியது.

செய்தியில் பார்த்தேன். பழைய விக்டரியின் பெயர்தான். ஆனால் 62 மீட்டர் எங்கே, 150 மீட்டர் எங்கே! 8,000 டன். சிங்கப்பூர்க் கடற்படைக்கு இதுவரை கட்டிய போர்க்கப்பல்களில் மிகப் பெரியது. 2023 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆறு கப்பல். வடிவமைப்பில் ஸ்வீடனும் டென்மார்க்கும் கூட்டு, கட்டுவது முழுக்க இங்கே. 2028 முதல் ஒவ்வொன்றாகக் கடற்படையின் கைக்கு வரும். இனி உள்ளே ஆயுதமும் கருவியும் வைக்க வேண்டும், கடலோட்டம் பார்க்க வேண்டும். நீண்ட வேலை.

ஆளில்லா விமானங்களையும் ஆளில்லாப் படகுகளையும் சுமந்துபோய், தூரத்தில் அவற்றை விட்டு வேலை வாங்கும் தாய்க்கப்பல் இது. என்னைப் போன்ற மின்வேலைக்காரன் மனம் துள்ளியது வேறொன்றுக்காக. இதன் சுழலிகளைச் சுற்றுவது மின்சாரம். எஞ்சின்கள் மின்சாரம் தயாரிக்கும். அதை வேகத்துக்கோ ரேடாருக்கோ நாளைக்கு வரப்போகும் ஏதோ ஓர் ஆயுதத்துக்கோ பங்கிட்டுத் தரலாம். பழைய விக்டரியில் ஒரு கருவி கூட்ட நாங்கள் பட்ட பாட்டை, வரப்போகிறவர்கள் படக்கூடாது என்று முதலிலேயே எண்ணிக் கட்டியிருக்கிறார்கள். புதுப்பிக்கும் வசதியை வரைபடத்திலேயே வைத்துவிட்டார்கள். பழைய கப்பலில் நாங்கள் கற்றது இங்கே வந்து நிற்கிறது.

இன்னொரு கணக்கு. ஃபார்மிடபிளைவிட இரண்டரை மடங்கு எடை. ஆனால் ஆட்கள் 100க்கும் கீழ். முன்பே வந்த இண்டிபெண்டன்ஸ் வகை 80 மீட்டர்க் கப்பலை 23 பேர் ஓட்டுகிறார்கள். கப்பல் ஓட்டும் இடம், போர்த் தகவல் அறை, எஞ்சின் கண்காணிப்பு மூன்றையும் ஒரே தளத்தில் சேர்த்ததால் அது முடிந்தது. ஏன் இப்படி? 2024இல் நம் கருவள விகிதம் 0.97. ஒரு பெண்ணுக்கு ஒரு குழந்தைகூட இல்லை. நாளைய கப்பலுக்கு ஆள் இன்றைக்கே குறைந்துவிட்டது. ஆனால் 23 பேர் இருக்கும் கப்பலில் ஒருவன் காய்ச்சலில் படுத்தால் அந்த வேலையை யார் பார்ப்பது? ஆள் குறையக் குறைய ஒவ்வொருவனும் இரண்டு தொழில், மூன்று தொழில் தெரிந்தவனாக இருக்க வேண்டும். இயந்திரம் கூடியதால் உன் படிப்பு குறையாது தம்பி, கூடும்.

அக்டோபர் 23, வியாழன்

நேற்று முழுதும் மழை. பழைய கூட்டாளிகள் ஒருவர் மாற்றி ஒருவர் தொலைபேசியில் அழைத்து விக்டரியைப் பற்றியே பேசினார்கள். அந்த மகிழ்ச்சியோடு ஒரு துக்கத்தையும் எழுதியாக வேண்டும்.

2003 ஜனவரி 3 இரவு, பெட்ரா பிராங்கா தீவுக்கு அருகே ரோந்துக் கப்பல் கரேஜியஸ் மீது சரக்குக் கப்பல் மோதியது. நான்கு பெண் வீரர்கள் இறந்தார்கள். கப்பலின் பின்பகுதி சிதைந்தது. புதுக் கப்பல், நல்ல ரேடார். ஆனாலும் நடந்தது. அந்தச் செய்தி வந்த காலை எங்கள் பட்டறையில் யாரும் வேலையைத் தொடங்கவில்லை. பேரா, கண்காணிப்பு நேரத்தில் நீ நிற்கும்போது திரை பார்த்துக்கொள்ளும் என்று நினைக்காதே. கண்ணாடிக்கு வெளியே பார். சந்தேகம் வந்தால் உன்னைவிடப் பெரியவரை எழுப்பு. அவர் கோபித்தால் கோபிக்கட்டும்.

அந்த வகை ரோந்துக் கப்பல்களுக்கு ஒரு பின்கதையும் உண்டு. 55 மீட்டர், மொத்தம் பன்னிரண்டு. 1990களில் இங்கேயே கட்டியவை. வயதாகி ஓய்வு பெற்றதும் எல்லாவற்றையும் உடைத்துவிடவில்லை. நான்கை எடுத்துப் புதுப்பித்து 2021 முதல் கடல்சார் பாதுகாப்புப் படைப்பிரிவுக்குக் கொடுத்தார்கள். சென்டினல், கார்டியன், புரொடெக்டர், பாஸ்டியன். சுட வேண்டிய தேவை வரும் முன்னே எச்சரிக்க ஒலிபெருக்கியும் கண்கூசும் ஒளியும் வைத்தார்கள்; குண்டு துளைக்காத காப்பு வைத்தார்கள்; இன்னொரு கப்பலை உரசி நிற்க வேண்டி வந்தால் அடிபடாமலிருக்கப் பக்கங்களில் மெத்தை வைத்தார்கள். அண்டை நாட்டுக் கலமோ சந்தேகத்துக்குரிய படகோ எல்லைக்குள் வந்தால் ஏவுகணைக் கப்பலை அனுப்புவது அளவுக்கு மீறியது. பழைய உடம்புக்கு அந்த வேலைக்குத் தக்க புதுக் கருவி. சிறிய நாடு தன் இரும்பை வீணாக்குவதில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

மாலையில் பேரனைத் தேக்காவுக்கு அழைத்துப் போனேன். ஞாயிறென்றால் வெளிநாட்டு ஊழியர்கள் கூடும் இடம். புதுக்கோட்டை, இராமநாதபுரம், பெரம்பலூர் என்று ஊர்ப் பேச்சு காதில் விழும். நம் கப்பல் பட்டறைகளில் பற்றவைப்பவர், சாரம் கட்டுபவர், சாயம் அடிப்பவர் பெரும்பாலும் இவர்கள்தான். வங்காளதேசத்துப் பிள்ளைகளும் உண்டு. பட்டறையில் வேலை செய்யும் ஒரு வெல்டரிடம் பேரனை அறிமுகம் செய்தேன். "தம்பி நேவில சேரப் போறாரு" என்றதும் அவர் எழுந்து கை கொடுத்தார். தன் கைப்பேசியில் ஒரு வெல்டிங் தையலின் படத்தைக் காட்டினார். வீட்டுக் குழந்தையின் படத்தைக் காட்டுவதைப்போல் பெருமை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் ஒரு குறைகூட இல்லையாம்.

கப்பல் இறங்கும் நாளில் இவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. என் தகப்பனார் செம்பவாங்கில் செய்த வேலைதான் இது. அவர் வெள்ளைக்காரனுடைய கப்பலுக்குச் செய்தார். இவர்கள் நம் கப்பலுக்குச் செய்கிறார்கள். இவர்களுக்கு நல்ல கூலியும் நல்ல தங்குமிடமும் தருவதும் இந்நாட்டின் தற்காப்புக் கணக்கில் சேர வேண்டும்.

நோட்டை இன்றிரவு அவன் கையில் கொடுத்துவிட்டேன். கடைசிப் பக்கத்தில் அவனுக்காக எழுதியது இது:

உனக்குக் காட்டும் ஒவ்வொரு கருவியைப் பார்த்தும் மூன்று கேள்வி கேள். இது பழுதானால் நடுக்கடலில் யார் சரிசெய்வது? இதற்கு அடுத்து வரப்போகும் கருவிக்கு இங்கே இடமும் மின்சாரமும் இருக்கிறதா? இதை நான் நாளை இன்னொருவனுக்குக் கற்றுக்கொடுக்க முடியுமா? வாங்கிய கப்பல் நமக்குச் சொந்தமாவது இந்தக் கேள்விகளுக்கு நம் ஆட்களே பதில் சொல்லும்போதுதான். ஜெர்மன் எழுத்துப் புரியாத பையன்களாக நாங்கள் தொடங்கினோம்; 8,000 டன் கப்பலை இங்கேயே கட்டும் காலத்தில் நீ சேருகிறாய். இரண்டு ஆண்டுதான் உன் சேவை. அதற்குள் ஒரு வேலையையாவது அடிமுதல் நுனிவரை கற்றுக்கொள். உனக்குப் பின்னால் வருகிறவனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்துவிட்டு வா.